அத்தை அம்மா ஆவதற்கு எத்தனை ஃபாரம்?

தலைப்பைப் பார்த்து ஏதோ மெகா சீரியல் விமர்சனம் என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது விசா பற்றியது. அதுவும் தத்து எடுத்த குழந்தையை வெளிநாட்டில் இருக்கும் அப்பா அம்மாவிடம் கொண்டு போய்ச் சேர்க்க என்னென்ன வேண்டும் என்பது பற்றியது. "உனக்கென்னடா இதில் அக்கறை, பி.காம் மூணாவது வருஷம் அரியரை முடிக்கிற வழியைப் பாரு" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கு. எங்கள் வீட்டில் ஆன்லைன் ஃபாரம் நிரப்பத் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். அதனால் ஒன்றரை வருஷமாக இந்த ஃபைல் என் மேஜையில்தான் இருக்கிறது. படித்ததை எல்லாம் ஒரு இடத்தில் எழுதி வைத்தால் வேறு யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

முதலில் கதைச் சுருக்கம்.

என் அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, சித்தப்பாவோடு நியூஜெர்சியில் இருந்தார். சித்தப்பாவுக்கு எச்-1பி, சித்திக்கு எச்-4. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. என் தாய்மாமா இங்கே கோவில்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு மூன்று பெண்கள். கடைக்குட்டிக்கு அப்போது நாலு வயசு. சித்தி லீவுக்கு வரும்போதெல்லாம் அது அவர் இடுப்பை விட்டு இறங்காது. மாமாவும் அத்தையும் பேசி முடிவு பண்ணி, "இவளை நீ வச்சுக்கோ" என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் இது புதுசு இல்லை. பிள்ளை இல்லாத தங்கைக்கு அண்ணன் பிள்ளையைக் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான்.

போன வருஷம் தை மாதம் நாள் பார்த்து சுவீகாரம் நடந்தது. மாமாவும் அத்தையும் குழந்தையைச் சித்தி சித்தப்பா மடியில் உட்கார வைத்தார்கள். அடுத்த வாரம் சார்பதிவாளர் ஆபீஸில் தத்துப் பத்திரம் பதிவானது. சித்தப்பாவுக்கு பத்து நாள் லீவு. "விசாவுக்கு ஒரு மாசம் ஆகுமா?" என்று கேட்டுவிட்டு விமானம் ஏறினார். ஒரு மாசம்! நல்லவேளை, சித்தி முன்கூட்டியே வக்கீலிடம் பேசியிருந்ததால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்துக்களுக்கு 1956-ல் வந்த தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. அது ரொம்பச் சிக்கலானது இல்லை. பெற்ற அப்பா அம்மா இருவரும் சம்மதிக்க வேண்டும். குழந்தைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது (வழக்கம் அனுமதித்தால் விலக்கு உண்டு). பெண் குழந்தையை எடுப்பவருக்கு ஏற்கனவே பெண் பிள்ளை இருக்கக் கூடாது, ஆண் குழந்தை என்றால் மகனோ பேரனோ இருக்கக் கூடாது. பெண் குழந்தையை ஒரு ஆண் தத்து எடுத்தால் இருவருக்கும் இருபத்தொரு வயசாவது வித்தியாசம் வேண்டும். குழந்தையை நிஜமாகவே கொடுத்து வாங்க வேண்டும். ஹோமம் கட்டாயம் இல்லை. பத்திரம் பதிவு செய்துவிட்டால் முறைப்படி நடந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது மறுப்பவர் பாடு. இன்னொன்று, ஒருமுறை செல்லுபடியான தத்தை ரத்து செய்ய முடியாது.

ஆக, இந்தியச் சட்டப்படி அன்றைக்கே சித்தி அம்மா ஆகிவிட்டார். என் மாமா பெண்ணாக இருந்தவள் சட்டப்படி எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். அதுவரை என்னை "அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை "அண்ணா" என்று கூப்பிடப் பழக்கினோம். அதைவிட வேடிக்கை, அவளுக்குச் சித்தி அதுவரை அத்தை முறை. இப்போது அம்மா. பெற்றவள் இப்போது அம்மாவின் அண்ணன் பெண்டாட்டி, அதாவது அத்தை. இரண்டு பெண்களும் ஒரே நாளில் பேரை மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் யாராவது "அத்தை எங்கே?" என்று கேட்டால் முதல் ஒரு மாசம் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் கதை ஆரம்பம். "எங்க ஊரில் தத்து ஆகிவிட்டது, பத்திரம் இதோ" என்றால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் "சந்தோஷம், ஆனால் எங்கள் கணக்கில் இவள் இன்னும் உங்கள் குழந்தை இல்லை" என்று சொல்லும். அந்தச் சட்டத்தில் "குழந்தை" என்ற சொல்லுக்குத் தனி விளக்கமே இருக்கிறது. தத்துக் குழந்தைக்கு மூன்று கதவுகள்.

ஒன்று, ஹேக் ஒப்பந்த வழி. நாடு விட்டு நாடு தத்து எடுப்பது பற்றி 1993-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவில் அது 2003-லும் அமெரிக்காவில் 2008 ஏப்ரல் 1-லும் அமலுக்கு வந்தது. இந்த வழி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். எச்-1பி, கிரீன் கார்டு ஆசாமிகளுக்கு இல்லை.

இரண்டு, அனாதைக் குழந்தை வழி. ஹேக் ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக் குழந்தைகளுக்கானது. ஆகவே இப்போது இந்தியக் குழந்தைகளுக்குப் பொருந்தாது.

மூன்று, இரண்டு வருஷ வழி. பதினாறு வயதுக்குள் தத்து ஆகியிருக்க வேண்டும் (ஏற்கனவே தத்து எடுத்த குழந்தையின் கூடப்பிறந்தது என்றால் பதினெட்டு). தத்து எடுத்தவரின் சட்டப்பூர்வப் பொறுப்பில் குழந்தை இரண்டு வருஷம் இருந்திருக்க வேண்டும். அவரோடு ஒரே வீட்டில் இரண்டு வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும்.

சித்தப்பாவைப் போல எச்-1பி-யில் இருப்பவர் குழந்தைக்கு எச்-4 வாங்கவும் இதே விளக்கம்தான். இந்த மூன்றாவது கதவுதான் எங்களுடையது.

இப்போது முடிச்சைக் கவனியுங்கள். குழந்தை அமெரிக்கா போக வேண்டுமானால் அப்பா அம்மாவோடு இரண்டு வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும். அப்பா அம்மா இருப்பது அமெரிக்காவில். அங்கே போய் வாழலாம் என்றால் விசா இல்லை. விசா கேட்டால் வாழ்ந்தாயா என்கிறார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம்மூரில் சொல்வார்களே, அதேதான்.

இதற்கு ஒரே வழி, தம்பதியில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து குழந்தையோடு இருப்பது. ஒருவர் இருந்தால் போதும். சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும் என்றும் இல்லை, நடுவில் போய் வந்தாலும் நாட்களைக் கூட்டி மொத்தம் இரண்டு வருஷம் வர வேண்டும். சித்தி அங்கே ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்தார். ராஜினாமா செய்தார். பன்னிரண்டு வருஷமாகக் குழந்தைக்காக ஏங்கியவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் சித்தப்பா எடிசனில் தனியாக இட்லி மாவு பாக்கெட்டோடு குடும்பம் நடத்துவதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நடுவில் வேலை போனால் அறுபது நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் இந்த எச்-4 பேச்சுக்கே இடமில்லை.

ஏன் இந்த இரண்டு வருஷம்?

ஆரம்பத்தில் எனக்கும் கோபம்தான். பெற்ற குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும். மறுமணம் செய்தவர் தன் மனைவியின் முதல் கல்யாணத்துக் குழந்தையைக் கூட்டிப் போனால்கூட, பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் நடந்திருந்தால் சரி, இரண்டு வருஷம் கூட வாழ்ந்த கணக்கு கேட்பதில்லை. தத்துக் குழந்தைக்கு மட்டும் ஏன்?

காரணம், தத்துப் பத்திரம் எழுதுவது சுலபம். அமெரிக்காவில் இருக்கும் மாமா பேரில் பதினைந்து வயசுப் பையனைத் தத்து எழுதி, அங்கே படிக்க அனுப்பிவிட்டு, பையன் இங்குள்ள சொந்த அப்பா அம்மாவுக்கே மாசாமாசம் பணம் அனுப்பலாமே? விசாவுக்காகப் பண்ணும் தத்தையும் நிஜத் தத்தையும் காகிதத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு வருஷம் ஒரு குழந்தைக்குத் தலைவாரிவிட்டு, ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்து, ராத்திரி முழிச்சிருந்து வளர்ப்பதை நடிப்பது கஷ்டம்.

இதைவிடப் பெரிய காரணமும் இருக்கு. 1982-ல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல், தத்து என்ற பெயரில் இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகள் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984-ல் நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. அதைத் தொடர்ந்து 1990-ல் மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு உருவானது. அதைத்தான் எல்லோரும் காரா என்கிறார்கள். அதன் பிறகும் அக்கிரமம் நிற்கவில்லை. 2005-ல் நம் சென்னையிலேயே, ஏழைகள் குடியிருப்புகளில் இருந்து கடத்திய குழந்தைகளை ஒரு இல்லத்துக்கு விற்று, அங்கிருந்து நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று தத்து அனுப்பிய விஷயம் வெளியே வந்தது. அந்தக் குழந்தைகளுக்கும் பேப்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம். பெற்ற தாய் மட்டும் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்த பிறகு அதிகாரி ஒருவர் ஃபைலைப் புரட்டிச் சந்தேகமாகப் பார்த்தால் எனக்கு முன்பு போல எரிச்சல் வருவதில்லை.

வளர்க்க வக்கில்லாமலா கொடுத்தேன்?

சித்தப்பாவின் நண்பர் ஒருவர் அமெரிக்கக் குடிமகன். அவரும் தன் அண்ணன் குழந்தையைத் தத்து எடுக்க விரும்பி எங்களிடம் விசாரித்தார். குடிமகன் ஆச்சே, அவருக்கு சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். படித்துப் பார்த்தால் அவர் பாடு வேறு மாதிரித் திண்டாட்டம்.

அவர் ஹேக் வழியில்தான் போக வேண்டும். அதில் வரிசை முக்கியம். முதலில் வீட்டு ஆய்வு, அதாவது சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நலம், போலீஸ் ரெக்கார்டு எல்லாம் பார்த்து எழுதும் அறிக்கை. அதை வைத்து ஐ-800ஏ என்ற ஃபாரம், தம்பதி தகுதியானவர்களா என்று பார்க்க. பிறகு குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800, அதைக் குழந்தைக்குப் பதினாறு வயது ஆகும் முன் போட வேண்டும். அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்த பிறகுதான் இந்தியாவில் தத்து. நம் வழக்கப்படி நல்ல நாளாகப் பார்த்து சுவீகாரத்தை முடித்துவிட்டு அப்புறம் ஃபாரம் போட்டால் மனு தள்ளுபடி ஆகும். எத்தனை குடும்பங்கள் இதில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போவது தப்பு என்று நமக்குத் தெரியும். தத்து விஷயத்தில் அப்படி ஒரு வரிசை இருப்பது யாருக்குத் தெரியும்?

அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. பெற்ற அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருந்தால், அவர்களால் அந்தக் குழந்தையைச் சரியாக வளர்க்க இயலாது என்று காட்ட வேண்டும்.

இதை நான் வீட்டில் படித்துச் சொன்னபோது என் மாமா இருந்தார். எங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. "வளர்க்க வக்கில்லாமலாடா கொடுத்தேன்? என் தங்கச்சி மடி நிறையட்டும்னு கொடுத்தேன். இதை நான் எழுதித் தரணுமா?" என்று கேட்டார். வேண்டாம் மாமா, அது குடிமக்களுக்குத்தான் என்று பத்து முறை சொன்ன பிறகுதான் காபி குடித்தார்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனசில் இருக்கிற தத்து வேறு. இல்லாமையால் கைவிடப்பட்ட குழந்தை, அதற்கு அடைக்கலம் தரும் வீடு. நம் மனசில் இருப்பது வேறு. இங்கே குழந்தையை யாரும் கைவிடவில்லை, ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். கொடுப்பவருக்கும் உரிமை இருக்கிறது, பெருமையும் இருக்கிறது.

இது அமெரிக்காவில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு சீக்கியத் தம்பதி பஞ்சாபில் உறவினரின் ஆண் குழந்தையை சடங்கு செய்து தத்து எடுத்தார்கள். இந்தியாவில் நடந்த தத்தை அப்போது பிரிட்டன் அங்கீகரிக்கவில்லை. பெற்றவர்களால் வளர்க்க இயலாமல் கொடுத்திருக்க வேண்டும், பிறந்த குடும்பத்தோடு தொடர்பு விட்டுப்போயிருக்க வேண்டும் என்பவை அங்கே விதிகள். அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு பல வருஷம் இழுத்து, 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. காகிதத்தில் அங்கீகாரம் இல்லாவிட்டாலும் இவர்களுக்குள் இருப்பது குடும்ப வாழ்க்கைதான் என்று மனித உரிமைச் சட்டத்தை வைத்து ஏற்றுக்கொண்டார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்குள் கைக்குழந்தை பள்ளிக்கூடப் பையன் ஆகிவிட்டான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு

எங்களுக்கு "இயலாது" என்ற சான்று வேண்டாம். ஆனால் வேறு ஒன்று வேண்டும். தத்து எடுத்தவரும் பெற்றவரும் ஒரே வீட்டில் இருந்தால், பொறுப்பு யார் கையில் இருக்கிறது என்று கேள்வி வரும். வீட்டை நடத்துவது யார், செலவு செய்வது யார், அன்றாடம் கவனிப்பது யார், எல்லாவற்றுக்கும் தத்து எடுத்தவர் ஆதாரம் காட்ட வேண்டும்.

மாமா வீடு பெரிய வீடு. மாடியில் இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது. சித்தி அங்கேயே தங்கியிருந்தால் வாடகை மிச்சம். ஆனால் வக்கீல் வேண்டாம் என்றார். அதனால் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டை சித்தி பேரில் வாடகைக்கு எடுத்தோம். வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், கரண்ட் பில், பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, ஸ்கூல் டைரியில் சித்தி கையெழுத்து, சித்தப்பா மாசாமாசம் அனுப்பும் பணத்தின் பேங்க் ஸ்டேட்மெண்ட். எல்லாம் தேதி வாரியாக என் ஃபைலில். ஒரு அம்மா அம்மாவாக இருக்கிறாள் என்பதற்கு இவ்வளவு ரசீது சேர்த்த ஒரே பி.காம் மாணவன் நான்தான் என்று நினைக்கிறேன். ஆடிட்டிங் பாடத்துக்கு நல்ல பயிற்சி :-)

கஷ்டம் எல்லாம் காகிதத்தில் வராத இடத்தில்தான். ஆரம்பத்தில் குழந்தை சாயந்திரம் ஸ்கூல் விட்டதும் பழைய வீட்டுப் பக்கமே திரும்பும். அத்தை (பெற்றவர்) வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் குழந்தைக்குக் குழப்பம் என்று அவரே வைத்துக்கொண்ட விதி அது. எந்த அதிகாரியும் சொன்னதில்லை. அக்காக்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து விளையாடிவிட்டுப் போவார்கள். இப்போது அது பழகிவிட்டது. யூகேஜி படிக்கிறாள். "எனக்கு ரெண்டு வீடு" என்று மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறாள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி குழந்தைக்குக் கடும் ஜுரம். சித்திக்கும் அதே ஜுரம், எழுந்து நிற்க முடியவில்லை. அத்தைதான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மா பெயர் என்ற இடத்தில் அத்தை பெயரை எழுதிவிட்டார்கள். காலையில் அந்தச் சீட்டு என்னிடம் வந்தது. வக்கீலிடம் கேட்டேன். "நூறு பேப்பர் இருக்கு, இது ஒண்ணு இல்லாட்டி என்ன" என்றார். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "பெத்தவ தூக்கிட்டுப் போனா. இதில மறைக்க என்ன இருக்கு? ஏன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். சீட்டை ஃபைலில் வைத்தேன், பின்னாலேயே சித்தியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் வைத்தேன். அதே தேதி.

பேப்பர் முடிந்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. நம் பக்கத்து விதிகளும் இறுகியிருக்கின்றன. ஹேக் ஒப்பந்த நாட்டில் குடியிருப்பவர்கள் 1956 சட்டப்படி தத்து எடுத்தால், 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் தடையில்லாச் சான்றும் வேண்டும். 2022 விதிகளிலும் அது தொடர்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் வழியில் போனால், 2022 செப்டம்பரில் இருந்து தத்து உத்தரவைக் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே போடுகிறார். அந்தச் சட்டத்தில் "உறவினர்" என்றால் யார் என்றும் வரையறை இருக்கிறது. அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்களும் தாத்தா பாட்டிகளும்தான். ஒன்றுவிட்ட அண்ணன் எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார். வெளிநாட்டுக்குப் போன பிறகும் இரண்டு வருஷம் குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிக்கை அனுப்ப வேண்டும், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

அப்புறம் குடியுரிமை. இதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. அமெரிக்காவில் 2001 பிப்ரவரி 27-ல் அமலுக்கு வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி, குடிமக்கள் தத்து எடுத்த குழந்தை, பதினெட்டு வயதுக்குள் முறையாகக் குடியேறி அவர்களோடு வாழ்ந்தால் தானாகவே குடியுரிமை வந்துவிடும். ஆனால் அந்தத் தேதியில் பதினெட்டைத் தாண்டியிருந்தவர்களுக்கு அது இல்லை. அப்பா அம்மா அந்தக் காலத்தில் ஒரு விண்ணப்பம் போடாமல் விட்டதால், ஐம்பது வயதிலும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறவர்கள் உண்டு. இந்தியாவில் இருந்து சிறுமியாகத் தத்து போய், அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, குழந்தைகள் பெற்ற ஒரு பெண்ணை, ஒரு குற்ற வழக்கைக் காரணம் காட்டி 2008-ல் மும்பைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு இந்த ஊர் மொழி தெரியாது, ஒரு மனிதரைத் தெரியாது. ஒரு ஃபாரத்தின் விலை அது.

எங்கள் பாப்பாவுக்கு எச்-4 கிடைத்தாலும் அது இருபத்தொரு வயசு வரைதான். இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று ஐ.டி.யில் அண்ணன் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எந்த ஃபாரத்தையும் தேதி தவறவிடக் கூடாது என்று சித்தப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

யாருக்காவது உதவும் என்று...

நான் வக்கீல் இல்லை. ஆனால் அனுபவத்தில் சொல்லத் தோன்றுவது இவை:

1. சுவீகாரத்துக்கு நாள் குறிக்கும் முன் தம்பதியின் விசா அந்தஸ்து என்ன என்று பாருங்கள். குடிமகன் என்றால் ஒரு வரிசை, எச்-1பி என்றால் நேர் எதிர் வரிசை.

2. இரண்டு வருஷக் கணக்கில் பொறுப்பு என்பது சட்டப்படி தத்து ஆன நாளில் இருந்து, அல்லது கோர்ட் அதற்கு முன்பே பொறுப்பை ஒப்படைத்திருந்தால் அந்த நாளில் இருந்துதான். அதற்கு முன் "நாங்கதான் வளர்த்தோம்" என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிய பத்திரம் எல்லாம் செல்லாது.

3. முதல் நாளில் இருந்து ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

4. "ஒரு மாசத்தில் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லும் ஏஜெண்டிடம் போகாதீர்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். மூன்று லட்சம் கேட்டார். இரண்டு வருஷ விதியைப் பற்றிக் கேட்டதும் போன் சிக்னல் போய்விட்டது.

5. குழந்தையிடம் உண்மையைச் சொல்லி வளருங்கள். இது எந்த ஃபாரத்திலும் இல்லை, ஆனால் இண்டர்வியூவில் குழந்தையிடமே "உன் அம்மா யார்?" என்று கேட்கலாம்.

அந்த ஐந்தாவதைப் பற்றித்தான் வீட்டில் எல்லோருக்கும் கவலை. ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் பாப்பா என்ன சொல்வாள்? சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்கலாம் என்று என் அம்மா யோசனை சொன்னார். சித்தியும் அத்தையும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பெற்றது அத்தை, வளர்ப்பது அம்மா என்று அவளுக்குத் தெரிந்ததை அவளே சொல்லட்டும், அது உண்மைதானே என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இரண்டு வருஷம் முடிய இன்னும் ஆறு மாசம் இருக்கிறது. சித்தப்பாவின் வேலை இதுவரை பத்திரம். இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், முக்கியமாகக் குழந்தையின் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் மாற்ற எத்தனை நாள் ஆனது என்று. நாளைக்கு அதற்காகத்தான் போகிறோம். சித்தி, அத்தை, பாப்பா, நான், ஃபைல்.